கண்டிச் சீமையில் பறிபோன ஓட்டு

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பாட்டையில் உள்ள பாலவனத்தம் தமிழ்ப்பற்றுடையார் பலரும் அறிந்த ஊர். 1901-ஆம் வருஷத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஸ்ரீ பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தாராக இருந்தவர். ஐந்து வருஷங்களுக்குப் பின் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது, அதன் தலைமையை ஏற்றவரும் அவரே. வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே நம்மவர் கப்பல் ஓட்டிய வரலாற்றைச் சொல்லிச் சொல்லி நாம் பூரிக்கிறோம். பூரிக்க வேண்டியதே. ஆயினும் அந்தக் கடலைக் கடந்து போன ஏழை ஜனங்கள் யார், போன இடத்தில் அவர்கள் கதி என்னவாயிற்று என்பதை அவ்வளவு ஆவலோடு நாம் விசாரித்ததில்லை. அவர்களுக்கு ஒரு காலத்தில் ஓட்டுரிமை வந்தது. அந்த ஓட்டைக் கொண்டு அவர்கள் ஒரு பார்லிமெண்டுக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். அந்தப் பார்லிமெண்டே அவர்கள் ஓட்டைப் பறித்தது. 1947-ஆம் வருஷத்து இலங்கைத் தேர்தலின் கதை இதுதான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பூமியைக் கண்டவர்களுக்கு, ஜனங்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. மழை பெய்தால் கரிசல் காலைப் பிடித்து இழுக்கும்; பெய்யாவிட்டால் பாளம் பாளமாய் வெடித்து நிற்கும். கம்பும் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பி விதைக்கப்படுபவை. கண்மாய் நிரம்பிய வருஷம் ஒன்றானால், நிரம்பாத வருஷம் மூன்று. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டுக் குடும்பங்கள் எலும்புங் கூடுமாய்ச் சாலைகளில் விழுந்தன. அந்தப் பஞ்சத்துக்கு முன்பும் பின்பும், ‘கண்டிச் சீமை’ என்று நம் கிராமத்தார் அழைத்த இலங்கை மலைநாட்டுக்குக் கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். காப்பியைப் பூஞ்சை நோய் அழித்த பிறகு தேயிலைத் தோட்டம். கங்காணி முன்பணம் கொடுப்பான். அது கடனாகக் கழுத்தில் ஏறும். கடன் தீர்ந்ததென்று எழுதிய ‘துண்டு’ கையில் இல்லாத கூலி வேறொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921 வரையில் இந்தத் துண்டு முறை இருந்தது. கப்பலேறுமுன் எண் பொறித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பும் வழக்கமும் நடந்தது. பெயரால் அறியப்பட்டவன் எண்ணால் அறியப்படுபவனாகப் போனான்.

இப்படிப் போனவனுக்கு 1931-இல் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. டொனமூர் பிரபுவின் தலைமையில் வந்த கமிஷன், இலங்கையில் சொத்து, படிப்பு, ஜாதி, ஆண் பெண் என்ற பேதமின்றி வயது வந்தவர் அனைவருக்கும் ஓட்டு வழங்கலாம் என்ற கொள்கையைச் சிபார்சு செய்தது. பெண்களுக்கு முப்பது வயது வேண்டும் என்பது கமிஷனின் முதல் யோசனை. முடிவில் இருபாலாருக்கும் இருபத்தொரு வயது என்று நிர்ணயமாயிற்று. பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டு 1928-இல்தான் கிடைத்தது. மூன்றே வருஷங்களில் அந்த உரிமை ஓர் அடிமைத் தீவுக்கு வந்து சேர்ந்தது.

இவ்விஷயத்தை நமது நாட்டு நிலைமையோடு வைத்து நோக்குக. அன்று சென்னை மாகாணத்தில் ஓட்டு என்பது நிலவரியோ வேறு வரியோ கட்டியவர்களின் உடைமை. 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 1937-இல் மாகாணத் தேர்தல் நடந்தபோதுங்கூட, பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் ஓட்டர்கள் மூன்று கோடிக்குச் சற்று மேற்பட்டவரே. மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று காங்கிரஸ் தொண்டர்கள் ஊரூராய் முழங்கிய தேர்தல் அது. இராமநாதபுரம் ராஜாவைப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்ததும் அதே தேர்தலில்தான். ஆனால் அந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு களத்துமேட்டில் நின்ற பண்ணையாளுக்கு ஓட்டில்லை. அவன் தம்பி ஹட்டனில் கொழுந்து மூட்டை சுமந்துகொண்டிருந்தான். தம்பிக்கு ஓட்டு வந்துவிட்டது. தம்பி மனைவிக்கும் வந்துவிட்டது. அண்ணனுக்கு வர 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தம்பியின் ஓட்டுத் தங்குதடையின்றி வந்துவிடவில்லை. தோட்டத் தமிழர் மொத்தமாக ஓட்டர் ஜாபிதாவில் ஏறினால் மலைநாட்டுச் சிங்களவர் தம் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகி விடுவர் என்று சிங்களத் தலைவர்கள் கலங்கினார்கள். அதன் பயனாக, இந்தியர் தம் நிரந்தர வாசத்தைக் காட்டவேண்டும், ஐந்து வருஷ வாசம் வேண்டும், அல்லது சொத்தும் படிப்பும் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் புகுத்தப்பட்டன. அப்படியும் முதல் தேர்தலில் ஏறக்குறைய ஒரு லட்சம் இந்தியர் ஓட்டர்களாயினர். 1939-க்குள் அத்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டிற்று. யாழ்ப்பாணத்து வாலிபர்களோ, பூரண சுயராஜ்யம் தராத அரசியல் திட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். அவர்கள் தேசாபிமானம் போற்றத்தக்கது. ஆயினும் வடக்கே நான்கு ஸ்தானங்கள் காலியாய்க் கிடந்த அதே வேளையில், ஹட்டனில் ஸ்ரீ பெரி. சுந்தரம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தொழில் மந்திரியாகவும் ஆனார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டங்களில் ஓட்டுக் கேட்பது எப்படி என்று நம் வாசகர்கள் கேட்கலாம். நமது ஊர்களில் அபேட்சகர் சந்தையிலும் சாவடியிலும் நின்று பேசலாம், தடுப்பாரில்லை. தோட்டமோ துரையின் சொந்தச் சொத்து. அவர் அனுமதியின்றி அந்நியன் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். தொழிலாளி குடியிருக்கும் லயமும் துரையுடையது. அவன் நடக்கும் வழியும் துரையுடையது. தஞ்சாவூரிலிருந்து சென்று பத்திரிகை நடத்தித் தொழிலாளருக்காகப் போராடிய ஸ்ரீ கோ. நடேசய்யர், ஜவுளி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வியாபாரிபோல் லயங்களுக்குள் நுழைந்தார் என்று சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் படும் துயரத்தைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களில் பாடினார். 1936-இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் வென்று ஸ்டேட் கவுன்ஸிலுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிகளுக்கு ஓட்டு எதற்கு என்று பரிகசித்தவர்களுக்கு அந்தக் கூலிகள் அளித்த விடை அது.

1939-இல் இலங்கை சர்க்கார் தினக்கூலி இந்தியரை உத்தியோகத்திலிருந்து விலக்கத் துணிந்தபோது, ஜவாஹர்லால் நேரு ஜூலை மாதம் அங்கே போனார். சமரசம் கைகூடவில்லை. ஆனால் பிரிந்து கிடந்த இந்தியர் சங்கங்கள் ஒன்றுபட்டன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து கூலியாட்கள் இலங்கைக்குப் போவதை இந்திய சர்க்கார் தடுத்தனர். நூறு வருஷத்துக்கு மேலாக நடந்த போக்குவரத்துக்கு அன்று கதவடைப்பு. அக்கரையில் இருந்தவர்கள் அக்கரையாராகவே நின்றுவிட்டார்கள்.

இனி 1947-க்கு வருவோம். ஸோல்பரி கமிஷனின் சிபார்சுப்படி புதிய பார்லிமெண்டு அமைந்தது. பிரதிநிதிகள் சபைக்கு 101 ஸ்தானங்கள். அவற்றில் 95 தேர்தலால் நிரம்புபவை, 6 நியமனம். ஆகஸ்டு 23-ஆம் தேதி தொடங்கிச் செப்டம்பர் 20 வரையில், இடத்துக்கு ஒரு நாளாகப் பத்தொன்பது நாட்கள் ஓட்டுப்பதிவு நடந்தது. இந்தியா சுதந்திரம் பெற்ற எட்டாம் நாள் இத்தேர்தல் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களில் அந்த உற்சாகமும் சேர்ந்து நின்றது. முந்திய வருஷத்து ஜனக் கணக்கின்படி தீவின் ஜனத்தொகை 66½ லட்சம்; அதில் இந்தியத் தமிழர் 7,80,000. அதாவது நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். இலங்கைத் தமிழர் தொகையோ 7,34,000-க்குச் சற்றுக் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழரைவிடத் தோட்டத் தமிழர் தொகையில் கூடியிருந்த காலம் அது. இன்று பலருக்கு இது வியப்பாயிருக்கும்.

தேர்தலின் முடிவில் டி. எஸ். ஸேனநாயகாவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஸ்தானங்களே கிடைத்தன. தனித்து ஆளும் பலம் இல்லை. சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு அவர் மந்திரி சபை அமைத்தார். தோட்டத் தமிழர் ஏழு பிரதிநிதிகளை அனுப்பினர். நுவரெலியாவில் ஸ்ரீ எஸ். தொண்டமான், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், தலவாக்கொல்லையில் ஸி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரையில் டி. இராமானுஜம். தொண்டமான் பழைய இராமநாதபுரம் ஜில்லாக் கிராமமொன்றில் பிறந்தவர். வேலுப்பிள்ளை தோட்டத்து லயத்தின் வாழ்வை எழுத்தில் வடித்த இலக்கியகர்த்தர். 95 ஸ்தானங்களில் ஏழு என்பது அவர்கள் ஜனத்தொகைக்கு ஏற்ற பங்குகூட இல்லை. விகிதப்படி பார்த்தால் பதினொன்று வரவேண்டும். எவருடைய பங்கையும் அவர்கள் அபகரிக்கவில்லை.

ஆனால் ஆளுங் கட்சியின் கண்ணை உறுத்தியவர்கள் இந்த ஏழு பேர் மாத்திரமல்லர். தோட்டத் தமிழர் சிறு தொகையினராயிருந்த வேறு பல தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போய்விட்டது. ஸமஸமாஜக் கட்சி, போல்ஷ்விக் பிரிவு, கம்யூனிஸ்டுகள் ஆகிய மூவரும் சேர்ந்து 18 ஸ்தானங்கள் பெற்றனர். மலைநாட்டுத் தொழிலாளியும் கொழும்புத் தொழிலாளியும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போடக் கற்றுக்கொண்டால் நம் கதி என்ன என்று நிலச்சுவான்களும் தோட்ட முதலாளிகளும் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

கண்டிச் சிங்களவரின் மனக்குறையை நாம் பொய்யென்று தள்ளவில்லை. 1840-ஆம் வருஷத்து முடிக்குரிய நிலச் சட்டத்தின் பேரால் அவர்களுடைய காடும் மேய்ச்சலும் பறிக்கப்பட்டுத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாய் ஆண்டுவந்த மலையின்மேல் ஒருநாள் அந்நியன் வேலி போட்டான். வேலிக்குள் வேறு பாஷை பேசுகிறவர்கள் வந்து குடியேறினார்கள். குடியானவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நிலத்தைப் பறித்தவன் துரை. பழி சுமந்தவன் கூலி. துரையின் பங்குக்கும் கிரயப் பத்திரத்துக்கும் புதிய சுதந்திர சர்க்கார் தீங்கு செய்யவில்லை. கூலியின் ஓட்டுத்தான் அவர்களுக்குப் பெருந் தீங்காகத் தோன்றிற்று.

1948 பிப்ரவரி 4-ஆம் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் (1948-ஆம் வருஷத்து 18-ஆம் இலக்கம்) நிறைவேறி, நவம்பர் 15-ஆம் தேதி அமலுக்கு வந்தது. சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்றும் இல்லை, கூலி என்றும் இல்லை. மிகவும் சாதுவான வாசகம்! ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவர் தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பனைப் பெற்ற பாட்டனாரும், அவரைப் பெற்ற முப்பாட்டனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இதற்குச் சான்று காட்ட வேண்டும். சிங்களக் கிராமத்தான் எவனிடமும் உன் பாட்டன் பிறந்த பத்திரம் எங்கே என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. தோட்டத்தானிடம் கேட்பார்கள். அவனுக்கோ பத்திரமில்லை.

நம்முடைய குடும்ப வழக்கமொன்று இந்தச் சட்டத்தின்முன் எப்படி வினையாய் முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது தமிழர் முறை. கண்டிச் சீமையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணும் மாதம் ஏழானதும் மன்னார்க் கடலைத் தாண்டிக் கரிசற்காட்டுக்கு வந்து பிள்ளை பெற்று, கையில் குழந்தையோடு மலைக்குத் திரும்பினாள். அந்தக் குழந்தை மூன்றாம் மாதத்திலிருந்து மூப்புவரை தேயிலைச் செடியைத் தவிர வேறொன்றையும் அறியாமல் உழைத்திருக்கலாம். அங்கேயே கலியாணம் செய்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றிருக்கலாம். ஆனால் பிறந்த இடம் இந்தியா. ஆகையால் அவன் பிரஜையல்லன். அவன் பிள்ளை மலையிலேயே பிறந்திருந்தாலும், தகப்பன் அங்கே பிறக்காதவனாகையால், பிள்ளையும் பிரஜையல்லன். பாட்டி வீட்டில் மருந்து கொடுத்து மூன்று மாதம் வைத்துப் பார்த்த அன்பு, இரண்டு தலைமுறையின் ஓட்டைத் தின்றுவிட்டது.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பதிவு செய்துகொண்டு பிரஜையாகலாம் என்றது. கலியாணமானவர் 1946-க்கு முன் ஏழு வருஷமும், ஆகாதவர் பத்து வருஷமும் இடையறாது அங்கே வசித்ததாக நிரூபிக்க வேண்டும். இரண்டு வருஷக் கெடுவுக்குள் மனுப் போட வேண்டும். மற்றொன்று, பிரஜைகளுக்கே இனி ஓட்டு என்று தேர்தற் சட்டத்தைத் திருத்தியது. முதற் சட்டத்தின் வாள் இரண்டாவது சட்டத்தில்தான் கழுத்தில் விழுந்தது. யாழ்ப்பாணத் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர். பின் மந்திரியானார், 1949-இல் வந்த மசோதாவுக்கு ஆதரவளித்தார். அவரோடு மாறுபட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவ்வருஷம் டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையில் நடப்பது நாளை நம் வாசலிலும் நடக்கும் என்று செல்வநாயகம் எச்சரித்ததை, 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது பலர் நினைவுகூர்ந்தனர்.

பதிவுச் சட்டத்தைத் தோட்டத் தமிழர் முதலில் பகிஷ்கரிக்க எண்ணிப் பின் மனுப் போட்டார்கள். மனுக்களில் அடங்கியவர் எட்டு லட்சத்துக்கு மேல். மனுக்களை விசாரிக்க ஆண்டுகள் பல ஓடின. 1964 வரையில் பிரஜையாக ஏற்கப்பட்டவர் ஏறக்குறைய 1,34,000 பேர். ஆறில் ஒருவர் எனலாம். ஏழு வருஷ வாசத்தில் இடையே ஊருக்குத் திருவிழாவுக்குப் போனாயா, பணம் அனுப்பினாயா என்று குடைந்து கேட்டு மனுக்களைத் தள்ளியதை மலைநாட்டார் வருந்திச் சொல்வதுண்டு. தாய் தகப்பனுக்கு அனுப்பிய மணியார்டரே மகனுக்கு எதிர்ச் சாட்சியாய் நின்றது.

இப்போது 1952-ஆம் வருஷத்தை நோக்குவோம். ஜனவரி மாதத்தில் சென்னை ராஜ்யத்தில் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. பாலவனத்தத்துப் பண்ணையாளும், அருப்புக்கோட்டை நெசவாளியும், திருச்சுழிக் கூலிப் பெண்ணும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். அருப்புக்கோட்டை லோக்சபைத் தொகுதியில் முத்துராமலிங்கத் தேவர் வென்றார். நான்கு மாதம் கழித்து, மே மாதக் கடைசி வாரத்தில், இலங்கையில் இரண்டாவது பார்லிமெண்டுத் தேர்தல். தலவாக்கொல்லையிலும் கொட்டகலையிலும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது எல்லாரும் இருந்தார்கள். ஓட்டர் ஜாபிதாவில் பேர் தேடியபோது மிகப் பெரும்பாலார் இல்லை. ஏழு ஸ்தானங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு மிஞ்சவில்லை. அண்ணனுக்கு ஓட்டு வந்த வருஷத்திலேயே தம்பியின் ஓட்டுப் போயிற்று.

தேர்தலுக்கு முன் ஏப்ரல் மாதத்தில், தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் பிரதம மந்திரி காரியாலயத்தின்முன் ஸத்தியாக்கிரகம் தொடங்கினர். அது தேர்தலுக்குப் பின்னும் மாதக்கணக்கில் நீடித்தது. தம் பெயரை ஜாபிதாவில் சேர்க்க மறுத்ததை எதிர்த்துத் தோட்டத் தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்றது. அரசியல் சட்டத்தின் 29-ஆவது ஷரத்து எந்த இனத்துக்கும் விசேஷத் தீங்கு செய்யும் சட்டத்தை இயற்றலாகாதென்று தடுத்திருந்தது. அத்தடை இருந்தும், தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த ராஜ்யத்துக்கும் உள்ள உரிமை என்று சொல்லி 1953-இல் அப்பீல் தள்ளப்பட்டது. சிறுபான்மையாருக்குக் காப்பு என்று ஸோல்பரி பிரபு எழுதிவைத்த ஷரத்து, முதல் மழையிலேயே உடைந்த கண்மாய்க்கரையாயிற்று.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தொகுதிகளை ஜனத்தொகைப்படி வகுத்தபோது ஓட்டற்ற தோட்டத் தமிழரையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். ஸ்தானங்களைப் பங்கிடும்போது தலை எண்ணப்பட்டது. ஓட்டுப் போடும்போது கை தள்ளப்பட்டது. இவர்கள் தலைக்காகக் கிடைத்த ஸ்தானங்களில் அயலார் தேர்ந்தெடுக்கப்பட்டு, இவர்களுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டனர். முப்பது வருஷம் இப்படி நடந்தது.

நமது தேசத்தின் பொறுப்பையும் மறைக்கலாகாது. 1947 டிசம்பரில் டில்லியில் நேருவும் ஸேனநாயகாவும் பேசினார்கள். எத்தனை வருஷ வாசம் வேண்டும் என்ற கணக்கில் பேச்சு முறிந்தது. அவர்கள் இலங்கையின் மக்கள், இந்தியப் பிரஜைகள் அல்லர் என்று நேரு நின்றது நியாயமே. ஆனால் 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தத்தில் அந்த நியாயம் கைவிடப்பட்டது. 9,75,000 பேர், அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்வோம். 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாய்ப் பிரித்தார்கள். அந்த லட்சங்களில் ஒருவரையும் கேட்கவில்லை; அவர்கள் தலைவரையும் கேட்கவில்லை. கிடை ஆடுகளைப் பங்கிடும்போதுகூட இது சினையாடு, இது குட்டி என்று பார்த்துப் பிரிப்பார்கள். இங்கே தகப்பன் ஒரு தேசத்துக்கும் மகள் ஒரு தேசத்துக்குமாய்ப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்திறங்கி, மண்டபம் முகாமில் காகிதம் வாங்கிக்கொண்டு, நீலகிரித் தேயிலைக்கும் நூல் மில்லுக்கும் பாட்டன் ஊருக்கும் போனவர்களை நம் ஜனங்கள் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தார்கள். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்.

1977-ஆம் வருஷம் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஜூன் மாதத் தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியார் ஸ்ரீ எம். ஜி. இராமச்சந்திரனைத் தேர்ந்தெடுத்தனர், அவர் முதல் மந்திரியானார். அவர் பிறந்தது கண்டியில். உன் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கரிசற்காட்டார் எவரும் அவரிடம் கேட்கவில்லை. அடுத்த மாதம் 21-ஆம் தேதி இலங்கைத் தேர்தல். நுவரெலியா - மஸ்கெலியா என்ற மூன்று அங்கத்தினர் தொகுதியில் மூன்றாமவராகத் தேறினார் தொண்டமான், இராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்தவர். இடையில் நியமன அங்கத்தினராக அவர் இருந்ததுண்டு. ஆனால் ஜனங்களின் ஓட்டால் ஒரு மலைநாட்டுத் தமிழர் மறுபடி அந்தச் சபையில் உட்கார முப்பது வருஷம் சென்றது.

அதன்பின் கதவு மெல்லத் திறந்தது. 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தாலும் 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தாலும் தீவில் மிஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. முதற் சட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து வருஷங்கள். 2024 நவம்பர் 14-ஆம் தேதி நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 ஸ்தானங்களைப் பெற்றபோது, மலைநாட்டுத் தமிழ்ப் பெண்மணிகளும் அக்கட்சியின் சார்பில் தேர்ந்து சபைக்குச் சென்றார்கள். 1931-இல் ஓட்டுப் பெற்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் சந்ததி சபைக்குள் நுழைய ஏறத்தாழ நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

கதை அக்கரையோடு முடியவில்லை. 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் அகதிகளாக இங்கே வந்தவர்களில் பல்லாயிரவர் மலைநாட்டு வமிசத்தார். நம் இராமநாதபுரம், மதுரை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள். கப்பலும் 1984-இல் நின்றது. பாலவனத்தத்துக்கு வெகுதூரமில்லாத குல்லூர்சந்தையிலும், மல்லாங்கிணற்றிலும் அகதி முகாம்கள் ஏற்பட்டன. 2021-க்குப் பின் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். முகாமில் பிறந்தவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கலியாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். தேர்தல் வந்தால், பாட்டன் ஊரார் சாவடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் சட்டம் யாது சொல்லுகிறது? 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இம்மண்ணில் பிறந்தவன் பிறப்பாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தவனைப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையா என்று கேட்கிறது. 2004-க்குப் பின் பிறந்தவனிடம் இன்னும் கடுமையாகக் கேட்கிறது. தகப்பன் எங்கே, தாய் யார், பத்திரம் எங்கே என்ற அந்தக் கேள்வியை 1948-இல் கொழும்பில் கேட்டபோது நாம் கண்டனத் தீர்மானங்கள் நிறைவேற்றினோம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானம், வங்காளதேசம் மூன்றையும் பெயர் சொல்லிற்று; இலங்கையைச் சொல்லவில்லை. அதே வருஷம் ஜூன் மாதத்தில், மலைநாட்டு வமிசத்து அகதிகள் சிலர் தொடுத்த வழக்கில், அவர்கள் இந்திய வமிசத்தார் என்பதை எண்ணி மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர், தாம் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் என்பதைப் பத்திரத்தோடு காட்டிக் கோர்ட்டில் வழக்காடினார். அவர் பிரஜையே என்று தீர்ப்பாயிற்று. 2024 ஏப்ரலில் லோக்சபைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டு விரலில் மையோடு வெளியே வந்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்த அவருடைய சக முகாம்வாசிகள் அன்று முகாமிலேயே இருந்தார்கள்.